அரச குடும்பத்து உயிலுக்கு நகல் கிடைக்குமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். வரலாறு படிக்கும் என் மகள், அரசர் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி ராணி மேரியின் தம்பி இளவரசர் பிரான்சிஸ் குடும்ப மரகதங்களை யாருக்கு எழுதிவைத்தார் என்று கல்லூரிக்குக் கட்டுரை எழுதுகிறாள். அவருடைய உயிலின் நகலை 280 பவுண்டுக்கு எடுத்துத் தருவதாக ஓர் இணையதளம் சொல்கிறது. கிரெடிட் கார்டில் 80 பவுண்ட் முன்பணம் கட்டிவிட்டோம். மீதியைக் கட்டலாமா? (ஒரு வாசகி)

பதில்: கட்டாதீர்கள். அந்த உயிலை எந்த ஏஜென்டாலும் எடுத்துத் தர முடியாது.

இங்கிலாந்தில் ஓர் உயிலுக்கு புரோபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்ற ஒப்புதல்) கிடைத்துவிட்டால் அது பொது ஆவணம். 1858 முதல் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அரசின் புரோபேட் தளத்திலேயே இருக்கிறது. பெயரும் இறந்த ஆண்டும் தெரிந்தால், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். இதற்கு நடுவில் ஆளே தேவையில்லை. அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு, அதே நகலுக்குப் பல மடங்கு பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். தேடினால் அவர்களுடைய விளம்பரம்தான் முதலில் வந்து நிற்கும். முகவரியைப் பார்க்காமல் கார்டு எண்ணைக் கொடுக்கவே கூடாது. உங்கள் விஷயம் அதைவிட மோசம். இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள்.

பிரான்சிஸ் மணமாகாதவர். குதிரைப் பந்தயத்தில் பெருங்கடன் வைத்துக் குடும்பத்தைத் தலைகுனிய வைத்தவர். தாய்வழிப் பாட்டியான கேம்பிரிட்ஜ் சீமாட்டி பிராங்பர்ட்டில் ஒரு லாட்டரியில் வென்ற மரகதங்கள், தாய் வழியாக அவர் கைக்கு வந்தன. 1910 அக்டோபரில், நாற்பது வயதில் இறந்தார். அக்கா ராணியாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மரகதங்களை அவர் தன் காதலியான, கில்மோரி பிரபுவின் மனைவிக்கு எழுதிவைத்திருந்தார் என்றும், ராணி மேரி அவற்றைத் திரும்பப் பெற்றார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் டெல்லி தர்பாரில் ராணியின் கழுத்தில் இருந்தவை இந்த மரகதங்களே.

உயில் வெளியே வந்திருந்தால் அந்தப் பெண்மணியின் பெயர் மறுநாளே பத்திரிகைகளில் வந்திருக்கும். 1911-இல் புரோபேட் நீதிமன்றத் தலைவர் சர் சாமுவேல் எவன்ஸ் அந்த உயிலை முத்திரையிட்டு மூடச் சொன்னார். அரச குடும்பத்தில் அப்படி மூடப்பட்ட முதல் உயில் அதுதான். ஒரு தம்பியின் காதல் விவகாரத்துக்காகச் செய்தது நூறாண்டு வழக்கமாகிவிட்டது. இன்று நீதிமன்றப் பெட்டகத்தில் 30-க்கும் மேற்பட்ட உறைகள் கிடக்கின்றன.

2021-இல் ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பின் உயிலுக்கும் இதேதான் நடந்தது. மூடிய அறையில் விசாரணை, பத்திரிகைகளுக்குத் தகவல் இல்லை, பொதுமக்கள் சார்பில் பேச அரசின் தலைமை வழக்கறிஞர் மட்டும். சாதாரணக் குடிமகன் தன் சேமிப்பை யாருக்கு எழுதினான் என்பதை ஊரே படிக்கலாம். இவர்களுடையதைப் படிக்க 90 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் உறை தானாகத் திறக்காது. தனியாகப் பிரித்துப் பார்த்து, வெளியிடலாமா என்று முடிவு செய்வார்களாம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று, வழக்கறிஞனாக என் கட்சிக்காரர்களிடம் சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது.

அந்தத் தளம் அடுத்து ‘அரசர் ஐந்தாம் ஜார்ஜின் உயில்’ என்று ஒன்றையும் காட்டக்கூடும். அதில் இன்னும் கவனம் வேண்டும். நாட்டை ஆளும் அரசரின் உயிலுக்கு புரோபேட்டே தேவையில்லை. நீதிமன்றத்துக்கு வராத தாளுக்கு நீதிமன்ற நகல் எப்படி வரும்? அதில் இருந்தது நமக்குத் தெரிவதெல்லாம் நினைவுக்குறிப்புகள் வழியாகத்தான். 1936 ஜனவரியில் சாண்ட்ரிங்காமில் உயில் வாசிக்கப்பட்டபோது, இளைய மகன்களுக்குப் பணம் இருந்தது. மூத்த மகன் எட்டாம் எட்வர்டுக்குப் பணமாக ஒன்றுமில்லை. சாண்ட்ரிங்காம், பால்மோரல் எஸ்டேட்டுகளில் வாழ்நாள் உரிமை மட்டும் இருந்தது. டிசம்பரில் அவர் முடி துறந்தார். அந்த இரண்டும் கிரீடத்தோடு போகிற சொத்து அல்ல, குடும்பத்தின் சொந்தச் சொத்து. அடுத்து அரசரான தம்பி ஆறாம் ஜார்ஜ், அண்ணனிடமிருந்து விலைகொடுத்துத்தான் அவற்றை வாங்கினார். தன்னிடம் 90,000 பவுண்டுக்கு மேல் இல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். உண்மையில் பல மடங்கு இருந்தது. அது தெரிந்ததும் தம்பி மனம் கசந்தார். முடி துறந்தபின் தங்கியிருந்த ஆஸ்திரியாவிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த அண்ணனின் டெலிபோன் அழைப்புகளும் ஒருகட்டத்தில் நிறுத்தப்பட்டன.

உங்கள் மகளுக்கு உயில் இல்லாமலே கட்டுரை எழுத முடியும். பிலிப் வழக்கில் நீதிபதி மெக்ஃபார்லேன் 2021-இல் அளித்த தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1911 முதல் நடந்ததையும், உறைகளின் பெயர்ப்பட்டியலையும் அதிலேயே பார்க்கலாம். மரகதக் கதையை மட்டும் “உயிலில் உள்ளபடி” என்று எழுத வேண்டாம். “வரலாற்றாசிரியர்கள் கூறுவதன்படி” என்று எழுதினால் ஆசிரியர் குறை சொல்ல முடியாது.

பணத்துக்கு வருவோம். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அது. விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் பக்கத்தை நீக்கிவிடுவார்கள். தர முடியாத ஆவணத்தைத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள் என்று கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். 80 பவுண்டைத் திருப்பித் தர “நிர்வாகக் கட்டணம்” கேட்டு அந்தத் தளத்திலிருந்து போன் வந்தால், ஒரு பென்னி கூடக் கொடுக்காதீர்கள்.