"புரிந்ததா" என்றால் தலையாட்டுகிறார்கள், நோட்டில் ஒன்றுமில்லை

வணக்கம். தன்னார்வ ஆசிரியராக வெளிநாடு வந்து மூன்று மாதம், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள், மாலையானால் ஊருக்கே திரும்பிவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வகுப்பைக் கவனியுங்கள். வகுப்பு பிடிபட்டால் மாலைச் சோர்வும் கொஞ்சம் இறங்கும்.

"புரிந்ததா?" என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். ஆசிரியரிடம் "இல்லை" என்பது பல இடங்களில் மரியாதைக் குறைவு. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கையோ வாக்கியத்தையோ துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள், பெயர் வேண்டாம். பெயர் கேட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். மறுநாள் பாடத்தை அந்தத் தாள்களில் அதிகம் வந்த தவறிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டபின் பொறுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஏறக்குறைய 1 விநாடிதான் காத்திருந்தார்கள். 3 விநாடியானதும் பதில்கள் நீண்டன. வேற்றுமொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு, மனதுக்குள் 5 வரை எண்ணுங்கள். அதற்கும் அமைதி என்றால், முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு வகுப்புக்கு.

வீட்டுக்குத் தினமும் மணிக்கணக்கில் பேசாதீர்கள். மனசு அங்கேயே தங்கிவிடும். வாரம் இரண்டு நாள், நேரம் குறித்துப் பேசுங்கள். மற்ற மாலைகளில் சக ஆசிரியர் ஒருவரிடம் 20 நிமிடம் உள்ளூர் மொழி கற்றுக்கொள்ளுங்கள்: மாணவர் பெயர்களின் உச்சரிப்பு, எண்கள், "மறுபடி சொல்லுங்கள்". இலக்கணம் பிறகு.

தூக்கமும் பசியும் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டிருந்தால் தாமதிக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.