பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை

அன்புள்ள ஐயா,

ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்தி வலயம் என்கிறார்கள். அதனால் மட்டக்களப்பும் அம்பாறையும் முன்னேறுமா? வாழைச்சேனை காகித ஆலையின் கதிதான் இதற்கும் வருமா? நமக்கென்று தொழில் பாரம்பரியம் எதுவும் இல்லை; வெளியிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு என்று நினைக்கிறேன்.

– ஒரு வாசகி, கல்முனை

மகள்,

காகித ஆலையை இதோடு சேர்க்க வேண்டாம். வயல்களுக்கு நடுவே, வைக்கோலை நம்பி 1950களில் கட்டியது அது. இடம் பார்த்துச் செய்த வேலைதான். நொடிந்த கதையை இன்னொரு நாள் பேசலாம்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபமூட்டியது. கல்முனையில் இருந்துகொண்டு இதை எழுத எப்படி மனம் வந்தது? பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை, கைத்தறி நெசவு ஊர். ஒருநாளாவது இறங்கிப் பார்த்தீர்களா?

சிறுவயதில் அப்பாவோடு அங்கே சாரன் வாங்கப் போவேன். ஒருமுறை தறிக்காரர், சாயம் போட்டு வந்த நூல் கழியைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தார். நீலம் கூடிவிட்டது. கழியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வளவு தள்ளியிருந்த சாயக்காரரிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம். இருவரும் நூலை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். "நான் நேற்றே சொன்னேனே" என்று உள்ளிருந்து சாயக்காரரின் மனைவி குரல் கொடுத்தார். அன்று பின்னேரமே புதுக் கழி கொடியில் காய்ந்தது.

ஒரு தொழில் ஓரிடத்தில் நெடுங்காலம் தங்கினால் அதன் நுட்பம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும், பிள்ளைகள் தங்களை அறியாமலே கற்றுக்கொள்ளும் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதினார். இத்தாலியின் பிராத்தோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய கம்பளி ஆலைகள் உடைந்து சிறு பட்டறைகளாயின. நூற்க ஒருவர், நெய்ய ஒருவர், சாயமேற்ற ஒருவர். தொழில் அழியவில்லை, பெருகியது. மார்ஷலின் சிந்தனையை இத்தாலியப் பொருளியலாளர் ஜகோமோ பெக்கத்தினி மீண்டும் உயிர்ப்பித்தது அந்த ஊரைப் பார்த்துத்தான்.

மருதமுனைக்குத் திறமையில் என்ன குறை? நூலும் சாயமும் வெளியிலிருந்து வரவேண்டும், அதுதான் குறை. 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு மலிவுத் துணி வந்து இறங்கியது. 2004இல் கடல் வந்து வீடுகளோடு தறிகளையும் அள்ளிப்போனது. இத்தனைக்கும் பிறகு அங்கே இன்னும் நெய்கிறார்கள், மகள். நீங்களோ பாரம்பரியம் இல்லை என்கிறீர்கள்!

சரி, வலயம். சம்பளம் வரும், நல்லதுதான். ஆனால் அங்கே சாயமேறும் நூலில் ஒரு கழியாவது மருதமுனைத் தறிக்கு வருமா? அங்கே வேலை பழகிய பிள்ளை நாளை தன் வளவில் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை போட முடியுமா? காணியும் மலிவான கைகளும் தேடி வருகிறவர்கள், அதைவிட மலிவாக வேறிடம் கிடைத்தால் போய்விடுவார்கள். வரும்போதே அக்கம்பக்கத்துத் தொழிலோடு அவர்களைப் பிணைக்காவிட்டால் பிறகு பிணைக்கவே முடியாது. இதை யாரும் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

படித்த பிள்ளை நீங்கள். அடுத்த கிழமை பஸ் ஏறிப் போய், நூல் இப்போது எங்கிருந்து வருகிறது, என்ன விலை, சாயம் யார் போடுகிறார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இங்கே போடுகிறேன்.