ஏணை நின்றதும் விழிப்பு ஏன்? குழந்தைகளின் நித்திரை பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை கைக்குழந்தைகளின் நித்திரை பற்றியவை. அவற்றுள் பலவற்றில் "பக்கத்து வீட்டுப் பிள்ளை விடியும்வரை உறங்குகிறதாம்" என்ற ஏக்கமும் இருந்தது. பகல் உறக்கத்தையும் சேர்த்து, முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 14 முதல் 17 மணித்தியாலம், நான்காம் மாதத்திலிருந்து பதினோராம் மாதம் வரை 12 முதல் 16 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. இவ்வளவு அகன்ற எல்லைக்குள் உங்கள் பிள்ளையும் அடங்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அடங்கும்.

எங்கள் ஆறு வாரக் குழந்தை பகலெல்லாம் அடித்துப் போட்டாற்போல் உறங்குகிறாள்; இரவு பத்து மணிக்குப் பிறகு கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். (வெள்ளவத்தை)

பகலையும் இரவையும் பிரித்தறியும் உடலின் கடிகாரம் பிறக்கும்போது முதிர்ந்திருப்பதில்லை. இருளில் சுரந்து உறக்கத்தைத் தூண்டும் மெலற்றோனின் என்ற சுரப்பு ஒழுங்கான தாளத்துக்கு வருவதற்கு இரண்டு மூன்று மாதங்களாவது செல்லும். அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் முதன்மையான கருவி வெளிச்சம். ஆண்டு முழுவதும் ஆறு மணியளவில் விடிந்து ஆறு மணியளவில் இருட்டிவிடும் கொழும்பில் இருப்பது இந்த விடயத்தில் உங்களுக்கு வசதியே. காலையில் திரைச்சீலையை விலக்கி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். துடக்குக் கழியும்வரை அறையை இருட்டாக வைத்திருந்து, பிறகும் அதையே தொடரும் வீடுகளில் இக்குழப்பம் நீடிப்பதைக் கண்டிருக்கிறேன். இரவில் மங்கிய விளக்கில் பால் கொடுத்து, பேச்சும் விளையாட்டும் இன்றி மீண்டும் கிடத்திவிடுங்கள்.

மகள் வேலைக்குப் போவதால் ஏழு மாதப் பேரனை நான்தான் பார்க்கிறேன். சேலையில் கட்டிய ஏணையில் ஆட்டினால் உறங்குவான். ஆட்டத்தை நிறுத்தினால் சற்று நேரத்தில் எழுந்து அழுவான். ஏணையே கூடாது என்று மகள் சண்டை பிடிக்கிறாள். நான்கு பிள்ளைகளை ஏணையில்தான் வளர்த்தேன். (கொட்டாஞ்சேனை)

அம்மா, நீங்கள் வளர்த்த நால்வரும் நன்றாக இருப்பது உண்மை. மகளின் அச்சத்திலும் நியாயம் உண்டு. சேலை ஏணையில் பிள்ளையின் உடல் வளைந்தே கிடக்கும். கழுத்துப் பலமில்லாத சிறு குழந்தையின் நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் அடைபடலாம். ஏழு மாதத்தில் பிள்ளை புரளவும் எழுந்திருக்கவும் முயல்வதால் விழுவதற்கும், துணி முகத்தை மூடுவதற்கும், கழுத்தில் சுற்றிக்கொள்வதற்கும் இடமுண்டு. ஆகவே உறங்கும் இடம் என்ற அளவில் ஏணையை நிறுத்திவிடுவதே என் முடிவு. தாலாட்டை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

அவன் ஏன் விழிக்கிறான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ 50, 60 நிமிடச் சுற்றுகளாக அமைந்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரைவிழிப்பு ஒன்று வரும். கண்ணயர்ந்தபோது இருந்த ஆட்டம் அந்த விழிப்பில் இல்லாவிட்டால், அது திரும்ப வரவேண்டும் என்று அழுகிறான். தலையணையோடு உறங்கிய நாம் நடு இரவில் அதைக் காணாமல் துழாவுவதைப் போன்றதுதான் இது.

மாற்றத்தை இரவின் முதல் உறக்கத்தில் தொடங்குங்கள். களைப்பு மிகுந்திருக்கும் அந்நேரத்தில் எதிர்ப்புக் குறைவாக இருக்கும். பகல் உறக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடம்பு துடைத்து, உடை மாற்றி, பால் கொடுத்து, தாலாட்டுப் பாடி என்று ஒரே ஒழுங்கை நாள்தோறும் பின்பற்றுங்கள். முதற் சில நாட்கள் ஏணைக்குப் பதிலாக மடியில் வைத்து ஆட்டி, கண் சொருகியதும், முற்றாக உறங்கும் முன்பே, தட்டையான உறுதியான மெத்தையில் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொடுங்கள். அடுத்த வாரம் ஆட்டுவதையும், அதற்கடுத்த வாரம் தட்டுவதையும் குறையுங்கள். இடையில் ஓரிரு இரவுகள் பின்வாங்க நேர்ந்தாலும் பாதகமில்லை. ஆனால் நீங்கள் ஒரு விதமாகவும் மகள் வேறு விதமாகவும் நடந்தால் பிள்ளை எதையும் பழகாது.

நான்கு மாத மகன் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புகிறான். பாலில் அரிசிமா கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். (தெஹிவளை)

கொடுக்கவேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். மாவு கலப்பதால் உறக்கம் நீளும் என்பதற்குச் சான்றில்லை, புரையேறும் ஆபத்துத்தான் கூடும். இவ்வயதில் உறக்கத்தின் அமைப்பே பெரியவர்களுடையதை ஒத்ததாக மாறுகிறது. விழிப்புகள் மிகுவது அதனால்தான். நிறை ஏறும் விதத்தைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். வரைபடம் சரியென்றால் பசி காரணமில்லை.

மின்விசிறி போட்டால் சளி பிடிக்குமா? நுளம்புச்சுருள் கொளுத்தலாமா? (மட்டக்குளி)

மின்விசிறிக் காற்றால் சளி பிடிப்பதில்லை. நேரே முகத்தில் அடிக்காமல் திருப்பி வைத்தால் போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொப்பியும் காலுறையும் போட்டு உறங்க வைப்பது வீண் வேலை மட்டுமல்ல, கூடுதல் சூடு பச்சிளம் குழந்தைக்கு ஆபத்துமாகும். சுருளின் புகை மூடிய அறையில் நுரையீரலுக்குக் கேடு. வலையே சிறந்தது, ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகவேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் உறக்கத்துக்கும் வலை வேண்டும்.

தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் ஒரு கரண்டி கொடுத்தால் பிள்ளை உறங்குமாமே? (வத்தளை)

ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவ்வகை மருந்துகள் சிறு குழந்தையின் மூச்சை மந்தப்படுத்தக்கூடும்; சில பிள்ளைகளை மாறாகத் துடிதுடிக்கவும் வைக்கும்.

ஒன்பது மாதப் பிள்ளையைச் சற்று அழவிட்டுப் பழக்க விரும்புகிறோம். மனத்தில் வடு விழும் என்கிறார்கள். தொடர்மாடியில் பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும். (பம்பலப்பிட்டி)

ஏழு மாதத்தில் உறக்கச் சிக்கல் இருந்த குழந்தைகளுக்குப் படிப்படியான பழக்க முறைகளைக் கையாண்டு, ஆறு வயதில் அவர்களை மீண்டும் பரிசோதித்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. உளநலத்திலோ பெற்றோருடனான பிணைப்பிலோ தீங்கு எதையும் அது காணவில்லை. எனினும் கதவை மூடிவிட்டுப் போகும் முறை என் விருப்பமன்று. இரண்டு நிமிடம், பிறகு நான்கு நிமிடம் என்று இடைவெளி விட்டு உள்ளே சென்று, தூக்காமல் குரலால் ஆறுதல் சொல்லி வெளியே வருவதை முயன்று பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கோ, காய்ச்சல், பல் முளைக்கும் நோவு உள்ள நாட்களிலோ இது வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் பால் குறைவாகக் குடிக்கும் மகள் இரவெல்லாம் குடிக்கிறாள். பக்கத்தில் படுக்க வைத்தே கொடுக்கலாமா? (கல்கிசை)

பகலில் தாயைக் காணாத குழந்தை இரவில் ஈடுசெய்வது வழக்கம். இவ்வயதில் அதைத் தடுக்க முயலாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை, உறங்கும் முன் ஒருமுறை என மாலையில் நெருக்கமாகப் பால் கொடுத்தால் பின்னிரவு விழிப்புகள் ஓரளவு குறையலாம். ஒரே அறையில், உங்கள் கட்டிலருகே தனி மெத்தையில் உறங்க வைப்பதே பாதுகாப்பானது. களைப்பில் படுத்தபடி பால் கொடுக்கையில் கண்ணயர்ந்துவிடுவோம் என்று தோன்றினால், தலையணையும் போர்வையும் அப்புறப்படுத்திய உங்கள் படுக்கை சோபாவைவிட மேல். சோபாவில் பிள்ளையுடன் உறங்கிவிடுவது மிக ஆபத்தானது. வீட்டில் யாராவது புகைபிடிப்பவர் என்றாலோ பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது என்றாலோ ஒரே படுக்கை அறவே வேண்டாம். மற்றபடி அப்படிக் கண்ணயர்ந்துவிட்டால், நீங்கள் விழித்ததும் அவளை அவளுடைய மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.