டொராண்டோ காமர்ஸ் கோர்ட்: கோபுரங்களுக்கு நடுவே முற்றம் எதற்கு?

பே தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள காமர்ஸ் கோர்ட் அலுவலக வளாகத்தில், அவ்வளவு விலையுள்ள நிலத்தைக் காலியாக விட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். விடை, முற்றத்தின் வடக்கே நிற்கும் பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கிறது. 1931-இல் முடிந்த அந்த 34 மாடிக் கட்டடம், 1962 வரை காமன்வெல்த் நாடுகளிலேயே மிக உயரமானதாக இருந்தது.

1970களின் தொடக்கத்தில் வங்கி விரிவடைந்தபோது, கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த புதிய வளாகம் அதை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. அது எவ்வளவு பெரிய முடிவு! எஃகும் கண்ணாடியும் போர்த்திய 57 மாடி மேற்குக் கோபுரம் சற்றுத் தள்ளி எழுந்தது. கிழக்கே 14 மாடி, தெற்கே வெறும் 5 மாடி. நடுவில் முற்றம் விடப்பட்டதால்தான் பழைய கட்டடத்தின் கல்முகப்பை அடி முதல் முடி வரை பார்க்க முடிகிறது. தெற்குப் பக்கம் தாழ்வாக இருப்பது வெளிச்சத்துக்கும் நல்லது. டொராண்டோ போன்ற குளிர் நகரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இடம் தனியாருடையது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து நீரூற்றின் அருகே உட்காரலாம். தாய் யானையும் இரண்டு குட்டிகளுமாக நிற்கும் வெண்கலச் சிலையைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பனிக்காலத்தில் ‘பாத்’ என்னும் நிலத்தடி நடைபாதை வழியாகவே வளாகத்துக்கு வந்துவிடலாம்.