புதுப் போனைக் கடை வாசல் வெயிலில் பாருங்கள்

கேள்வி: பாசையூரில் மீன் வியாபாரம் செய்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சான் புதுப் போன் வாங்கக் காசு அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் புது மொடல் ஒன்று காட்டினார்கள். முதுகும் கண்ணாடி, ஓரம் வளைந்த திரை, 200 மெகாபிக்சல் கமரா, ஐபி68. "தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் செய்யாது" என்றார் கடையில் நின்ற தம்பி. பத்து நிமிடம் கையில் தந்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்க் கதை. உங்கள் தொழிலில் போனைக் கொல்வது அதுதான்.

ஐபி68 என்பதில் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. 8 என்றால் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட ஆழம். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கொம்பனிதான் சொல்லும். ஒன்றரை மீற்றர், 30 நிமிடம் என்று பல பெட்டிகளில் இருக்கும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், அதுவும் அசையாத தண்ணீரில், பெட்டி பிரித்த புதுப் போனுக்குச் செய்வது. உங்கள் மேசையில் கிடப்பதோ ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர். சார்ஜ் வாயில் அது ஒரு சொட்டு நிற்கும்போது வயரைச் செருகினால், மின்சாரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிடும். திருத்த வரும் போன்களின் சார்ஜ் வாயைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறேன். செம்புக் குடத்தில் பிடிக்கிற அதே பச்சைக் களிம்பு, ஊசி முனையளவு தகடுகளில் அப்பிக்கிடக்கும். கடல் தண்ணீர் பட்டால், ஐபி68 போனை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, முழுதாகக் காயும்வரை சார்ஜ் போடாமல் வையுங்கள். இன்னொன்று: திரை மாற்றவோ பற்றரி மாற்றவோ ஒருமுறை திறந்த போனில் உள்ளே இருக்கும் பசை பிரிந்துவிடும். புதுப் பசை போட்டாலும் பழைய காப்பு அப்படியே திரும்பும் என்று நம்பவேண்டாம். ஐபி68 இருப்பது நல்லதுதான், அது உங்களுக்கு வேண்டும். ஆனால் அது தவறி விழும் நேரத்துக்கான காப்பு, தினமும் நனைப்பதற்கான அனுமதி அல்ல.

இனிப் போனைக் கையில் எடுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் பிடித்து, பெருவிரல் திரையின் மேல் மூலைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். மற்றக் கையில் மீன் இருக்கும் நேரத்தில்தான் போன் அடிக்கும். 200 கிராமுக்கு மேல் பாரமென்றால் அரை மணி நேரம் பேசிய பிறகு மணிக்கட்டு அதைச் சொல்லும்.

கண்ணாடி முதுகு பார்வைக்கு வடிவுதான். ஈரக் கையில் வழுக்கும், சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடிக்கும். வளைந்த திரைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒழுங்காக ஒட்டுவதும் பாடு. உங்களுக்குத் தட்டையான திரையும் பிளாஸ்ரிக் முதுகும் போதும் என்பேன். மணலையும் கவனியுங்கள். நம்முடைய வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெள்ளை மணல் சிலிக்கா மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7 இல் நிற்கிறது, போன் கண்ணாடியோ 6, 7 இலேயே கீறு விழத் தொடங்கும். சாரத்து மடிப்பில் ஒரு பொட்டு மணல் ஒட்டியிருந்தாலே போதும். எந்த விலைப் போனானாலும் கண்ணாடி ஒட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

அடுத்து, கேட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். மதிய வெயில் என்றால் இன்னும் நல்லது. 2,000, 3,000 நிட்ஸ் வெளிச்சம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் திரையின் சிறு பகுதி ஒரு கணம் காட்டும் உச்சம். வெயிலில் நின்று ஒரு குறுந்தகவலை வாசிக்க முடிகிறதா, அதுதான் உங்களுக்குக் கணக்கு.

அங்கேயே விரலை நனைத்துத் திரையைத் தொட்டுப் பாருங்கள். தொடுதிரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும் மின் கடத்துவதால் அது குழம்பும், உப்புத் தண்ணீர் இன்னும் குழப்பும். சில போன்கள் இதைச் சமாளிக்கும், சில தாமாகவே எங்கோ அழுத்தும். கைரேகை வாசிப்பானும் அப்படித்தான். பக்கப் பொத்தானில் இருப்பதும், திரைக்கடியில் ஒளியால் வாசிப்பதும் ஈரத்தில் அடிக்கடி மறுக்கும். ஒலியலையால் வாசிப்பது ஓரளவு தாங்கும், விலையும் கூட.

கமராவில் 200 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். வழமையாக எடுக்கும் படத்தில் 16 புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். மேசைக்கடியில் இருட்டில் கையை ஆட்டி ஒரு படம் எடுங்கள், கலங்காமல் வந்தால் நல்ல கமரா. பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் குட்டிக் கண் கணக்கை நிரப்ப வைத்தது. இரண்டு சிம்மும் மெமரி கார்டும் சேர்ந்து போகுமா, அல்லது இரண்டாவது சிம்மின் இடத்தில்தான் கார்டா என்று சிம் தட்டை இழுத்துப் பாருங்கள்.

மச்சான் காசுக்குப் பதிலாக, பக்கத்து அமெரிக்காவில் போனையே வாங்கி அனுப்ப நினைத்தால் ஒன்று: அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022 இல் வந்த 14 வரிசை முதல் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான்.

நீங்கள் பார்த்த அந்த மொடலை எடுக்கவேண்டாம். அதே ஐபி68 உடன் தட்டைத் திரையும் பிளாஸ்ரிக் முதுகும் உள்ள வேறொன்றைக் கேளுங்கள். காசு கொடுக்கமுன் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும்.