பத்து ரூபாய் நோட்டின் கூலி

(வங்கியின் கரன்சி செஸ்ட்டில், அதாவது ரிசர்வ் வங்கியின் பணத்தை வைத்துக் காக்கும் பெட்டக அறையில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 500 ரூபாய் நோட்டை அச்சடிக்க எவ்வளவு ஆகிறது? அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: 2021-22 கணக்குப்படி ஒரு 500 ரூபாய் நோட்டுக்கு 2 ரூபாய் 29 காசு. 10 ரூபாய் நோட்டுக்கு 96 காசு. சின்ன நோட்டுதானே மலிவு என்று நினைப்பீர்கள். ரூபாய்க்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: 500இல் அரைக் காசுகூட இல்லை, 10இல் ஒன்பதரைக் காசுக்கு மேல். போதாததற்கு, பீரோவில் தூங்கும் 500ஐவிட டவுன் பஸ்ஸிலும் மீன் மார்க்கெட்டிலும் புரளும் 10 சீக்கிரமே நைந்துவிடும். மறுபடி அச்சு, மறுபடி கூலி.

நாசிக், தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசு நிறுவனத்தின் கையில். மைசூரும் சால்போனியும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்திடம். எங்கே அடித்தாலும் பில் ரிசர்வ் வங்கிக்குத்தான். 2015-16இல் 3,421 கோடியாக இருந்த அந்த பில், பணமதிப்பிழப்பு வந்த 2016-17இல் 7,965 கோடிக்கு எகிறியது. 2024-25இல் 6,372 கோடி. அதே ஆண்டுக் கணக்கில் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி சுமார் 2.69 லட்சம் கோடி என்பதால், அதற்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் அச்சுக்கூலி போக மிஞ்சுவதுதான் அரசு கஜானாவுக்குப் போகிறது. ஆக, சுற்றிவளைத்து நம் பணம்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைகளில் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள். இதனால் ரிசர்வ் வங்கிக்கு நஷ்டமா? – வேலூர் வாசகி

பதில்: நஷ்டமேதான். எனக்கு ரொம்ப நாளாகவே இதில் எரிச்சல். நாணயத்தை அடிப்பது மத்திய அரசு. அதை ரிசர்வ் வங்கி முகமதிப்புக்கே, அதாவது பத்துக்குப் பத்து கொடுத்து வாங்கி வைக்கிறது. நீங்கள் வாங்க மறுத்தால் அது மூட்டையிலேயே கிடக்கும். எங்கள் செஸ்ட்டில் நாணய மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஏதாவது கிளை மேனேஜர் போன் போடுவார்: “சார், பத்து ரூபாய் நோட்டு ரெண்டு பண்டல் கிடைக்குமா? கஸ்டமர் காயினைத் தொடவே மாட்டேங்கறாங்க.” பல வருஷம் உழைக்கக்கூடிய நாணயம் மூட்டையில் தூங்க, அதன் வேலையைச் செய்யக் காகிதம் அடிக்கிறோம். அப்போது புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியாகிவிட்டது. டீக்கடைக்காரர் காதில்தான் விழவில்லை. நீங்களாவது வாங்குங்கள் அம்மா.

கேள்வி: வங்கியில் கொடுக்கும் அழுக்கு நோட்டு எங்கே போகிறது? – சேலம் வாசகர்

பதில்: சேலத்துக்காரரே கேட்கிறீர்களே! கிளையிலிருந்து செஸ்ட்டுக்கு வரும். மெஷினில் விட்டு நல்லதையும் ‘சாயில்டு’ என்கிற அழுக்கு நோட்டையும் பிரிப்போம். செஸ்ட் வங்கிக்குள் இருந்தாலும் உள்ளே இருக்கும் பணம் ரிசர்வ் வங்கியுடையது. எனவே ஒரு ஆள் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு அதிகாரி, இரண்டு சாவி. பிறகு போலீஸ் காவலோடு ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு. குப்பைக்குப் போகிற பணத்துக்கும் லாரி வாடகை, எஸ்கார்ட், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. 2016 ஆகஸ்ட்டில் உங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு அப்படிப் பழைய நோட்டு ஏற்றிவந்த ரயில் பெட்டியின் கூரையை வெட்டி 5.78 கோடியை அள்ளிப் போனார்களே, ஞாபகம் இருக்கும்.

ரிசர்வ் வங்கியில் மறுபடி எண்ணி, கள்ள நோட்டைப் பிரித்து, மீதியைத் தூளாக்கிக் கட்டியாக அழுத்திவிடுவார்கள். ஆண்டுக்குச் சுமார் 15,000 டன் தேறும். இதுவரை பெரும்பாலும் எரித்தோ பள்ளத்தில் கொட்டியோ வந்தார்கள். இப்போது மரப்பலகைக்குப் பதிலான பார்ட்டிகிள் போர்டு செய்யக் கொடுக்கப்போகிறார்கள்.

கேள்வி: பேனாவால் கிறுக்கிய நோட்டு செல்லாதா? – நாகர்கோவில் வாசகி

பதில்: செல்லும். வங்கியில் கட்டலாம், மாற்றலாம். அரசியல் கோஷம் எழுதியிருந்தால் மட்டும் செல்லாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். ஸ்டேப்ளர் பின் குத்தாதீர்கள். வங்கிகளுக்கே 2001இல் அதைத் தடை செய்துவிட்டார்கள்.