பூசாரிப் பெண்களும் போரும் – கடிதம்

வணக்கம்.

நீங்கள் எங்கோ எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ‘சிமூன்’ அனிமே பார்க்கத் தொடங்கினேன். பத்துப் பகுதிக்கு மேல் முடியவில்லை. சாமி கும்பிட வேண்டிய பெண்கள் வானத்தில் பறந்து ஆட்களைக் கொல்கிறார்கள். மனம் ஒப்பாதவள் விலகிப் போக வேண்டியதுதானே? அவர்களில் ஒருத்தியான நெவிரில் அறைக்குள் முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. அறச்சிக்கல் என்று நீங்கள் சொன்னது இதைத்தானா?

க.

அன்புள்ள க.,

எரிச்சல் எனக்கும் வந்தது. விலகுகிறவள் எங்கே போவாள் என்று முதல் தடவை நானும் யோசிக்கவில்லை.

பார்க்காதவர்களுக்காக: ஸ்டூடியோ டீன் தயாரிப்பில் ஜுன்ஜி நிஷிமுரா இயக்கி 2006இல் வந்த 26 பகுதித் தொடர் இது. அந்த உலகில் எல்லாரும் பெண்ணாகவே பிறக்கிறார்கள். கதை நடக்கும் சிமுலாக்ரம் நாட்டில் 17 வயதானதும் ஓர் ஊற்றுக்குப் போய் ஆணா, பெண்ணா என்று முடிவெடுக்க வேண்டும். சிபில்லா எனப்படும் பூசாரிப் பெண்களுக்கு மட்டும் விலக்கு. சிமூன் என்ற இருவர் ஊர்தியில் பறக்கிறவரைக்கும் அவர்கள் ஊற்றுக்குப் போக வேண்டாம்.

சிக்கலே இந்த விலக்கில்தான் இருக்கிறது. பறப்பதை விட்டால் மறுநாளே ஊற்று. போர்க்காலத்தில் பறப்பது என்றால் கொல்வது. சிபில்லாக்களில் ஒருத்தியான ஆயெரு இதை மூடி மறைப்பதே இல்லை. அவளுக்குப் பறக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு சிபில்லாவான மாமீனாவின் கணக்கு வேறு. அவள் சக சிபில்லா ரொடொரேமோன் வீட்டு வேலைக்காரியின் மகள். அதே ரொடொரேமோனுக்குச் சமமாக நிற்க அவளுக்கு இருக்கும் ஒரே இடம் இந்த அணி. அவளிடம் போய் ‘பாவம், விட்டுவிடு’ என்று யார் சொல்வது?

நெவிரிலுக்கு வருவோம். அவள் முடங்கிக் கிடப்பது கொன்ற பாவத்துக்காக அல்ல. முதல் பகுதியில் தன் ஜோடி அமூரியாவோடு மரகத ரி மாஜோனை (ரி மாஜோன் என்பது ஊர்திகள் வானில் ஒளியால் வரையும் கோலம்) வரைய முயல்கிறாள், அது பிசகி அமூரியா காணாமல் போகிறாள். துக்கமெல்லாம் அந்த ஒருத்திக்காக. கீழே விழுந்த எதிரி நாடான அர்ஜென்டத்தின் விமானங்களில் இருந்தவர்கள் அவள் மனதில் இல்லை. எனக்கு உறுத்தியது இதுதான். தொடரும் அந்த எதிரிகளுக்கு முகம் கொடுப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறது.

ரி மாஜோனை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஊர்திகள் வளைந்து வளைந்து ஒளிக்கோடு இழுக்கின்றன, கிட்டத்தட்ட கோலம் போடுகிற மாதிரி. டெம்பஸ் ஸ்பாட்டியம் என்ற கடவுளுக்கு அது பிரார்த்தனை. கோலம் நிறைவடைந்ததும் எதிரே இருப்பது சிதறிப் போகிறது. பிரார்த்தனைக்கென்று வேறு கோலம், போருக்கென்று வேறு கோலம் என்றில்லை. பூசாரிகள் அதை வழிபாடு என்கிறார்கள், படைக்காரர்கள் ஆயுதம் என்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் கோலத்தை மட்டும் சரியாகப் போட்டு முடிக்க வேண்டும்.

சரி, பெரியவர்களைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தளபதி இடத்தில் இருக்கும் அனுபிதுஃபும் குராகிஃபும் ஒரு காலத்தில் இதே ஊர்தியில் ஜோடியாகப் பறந்த சிபில்லாக்கள். ஊற்றுக்குப் போய் ஆணாகித் திரும்பி, இப்போது இந்தப் பெண்களைப் புறப்படச் சொல்கிறார்கள். என்ன கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

முடிவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வேண்டாமென்றால் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள். சிமுலாக்ரம் தோற்கிறது. சண்டை நின்றதும் விலக்கும் போய்விடுகிறது. இத்தனை நாள் தள்ளிப்போட்டவர்கள் ஊற்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சமாதானம் வந்த நாளில் இந்தப் பெண்கள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடிப் பாருங்கள்.

16 பகுதி பாக்கி இருக்கிறது. காதல் குழப்பங்கள் வரும் இடங்களில் பொறுமை போகும், ஓட்டிவிட்டுக்கூடப் பாருங்கள். மெக்கானிக் வாபோரிஃப் வரும் காட்சிகளை மட்டும் ஓட்டாதீர்கள். ஆணாக இருப்பது என்று முடிவெடுத்தவன், உடம்பு இன்னும் மாறி முடியவில்லை. நெஞ்சு பெண்ணுடையதாகவே இருக்க, சிமூன்களைப் பழுது பார்த்து அனுப்பிக்கொண்டிருப்பான்.